வெடிகுண்டும் தெருக்கிணறும்

உப்பளம், புதுச்சேரி
12-7-1955

கடலூரில் இருக்கும் மாப்பிள்ளை கிருஷ்ணசாமி அவர்களுக்கு மாமனார் நாராயணசாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் செல்வாம்பாளும் சௌக்கியம். அங்கே தாங்களும், ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் ஆதிலட்சுமியும் சௌக்கியமாய் இருக்கத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம்.

"புதுச்சேரியில் குண்டு போடுகிறார்களாம், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். தேர்தல் கூட்டத்தில் எவனோ ஒரு நாட்டு வெடிகுண்டை வீசியது வாஸ்தவம். ஒரு பெஞ்சு உடைந்தது, ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெரு பொழுது சாய்வதற்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. அதே வாரம் பின்தெருவில் வாந்திபேதியில் மூன்று பேர் போனார்கள். அதற்கு ஒருவரும் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. "ஆடி பொறக்கப் போவுது, வரத்தான செய்யும்" என்று சொல்லி, சாவு வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை தெருக்கிணற்றுக்குள் வாய் கட்டிய கலயம் ஒன்று கயிற்றில் தொங்குவதைப் பார்த்து எதிர்வீட்டு அஞ்சலாட்சி, "ஐயோ, கெணத்துல குண்டு கட்டி உட்டுருக்கான்!" என்று அலற, தெருவே குழந்தை குட்டியோடு ஓட, நானும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட, கடைசியில் மீன் விற்கும் மண்ணாங்கட்டி மூங்கில் கழியில் அதை மாட்டித் தூக்கிப்போய்க் கடலில் எறிந்தான், அவனுக்கு மாலை போட்டோம், ஓடிய களைப்புக்கு அதே கிணற்றில் இறைத்து எல்லாரும் வயிறு முட்டக் குடித்தோம். மறுநாள் சுகாதார ஆள் வந்து, "பேதி பரவுதேன்னு தண்ணிக்கு மருந்து கட்டி உட்டா, அத்தப் போயி கடல்ல போட்டுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த மருந்து வர ஒரு வாரமாகுமாம்.

ஆகவே மாப்பிள்ளை, குண்டு கிண்டு எல்லாம் வீண் பீதி. தைரியமாக வியாழக்கிழமை பஸ்ஸில் பெண்ணை அழைத்து வாருங்கள். அவளைப் பார்க்காமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். சகல பாக்கியமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நாராயணசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் செல்வாம்பாளுக்குப் பேதி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெண்ணை அனுப்பவே அனுப்பாதீர்கள். அவள் காரணம் கேட்டால், ஊரெங்கும் குண்டு வெடிக்கிறது என்று சொல்லுங்கள். பேதி என்று சொன்னால், "பேதிதான?" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள்.