சாக மறுத்த அடியாள்

தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் அதிகமாக அடி வாங்கிய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதற்பரிசு நேரே புதுக்குடியிருப்பில் எங்கள் ஒழுங்கைக்குத்தான் வந்து சேரும். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. சாகாவரம் அண்ணை வாங்காத அடியை இனி யாராவது புதிதாகக் கண்டுபிடித்துத்தான் அடிக்க வேண்டும். கதாநாயகன் அடித்திருக்கிறான், கதாநாயகனின் தம்பி அடித்திருக்கிறான், ஒரு நாடகத்தில் கதாநாயகியின் தாயார் உலக்கையால் அடித்திருக்கிறார். அத்தனைக்கும் மனிதர் விழுந்து, உருண்டு, புழுதியைத் தட்டிக்கொண்டு, பின்னேர பஸ்ஸில் வீடு வந்து மாட்டுக்கு வைக்கோல் போடுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிச் சந்தியில் விசாரித்தால் உங்களுக்கு வேறு யாருடையவோ வீட்டைக் காட்டுவார்கள். சாகாவரம் என்றால் போதும். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ரியூசன் வாத்தியார் நான்.

ஆள் ஆறடிக்கு மேலே. வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். மீசையைப் பற்றி நான் சொல்வதைவிட, அதைக் கண்டு அழுத குழந்தைகள் சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஆட்டுக்கு ஊசி போட வைத்தியர் வந்தால் மறுபக்கம் திரும்பி நிற்பவர் அவர். குளத்துக்குக் கீழே வயல் செய்து கொண்டிருந்த மனிதரை ஒரு கலியாண வீட்டில் வைத்து நாடக நெறியாளர் ஒருவர் கண்டார். சோற்றுக் கிடாரத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போன அந்தக் காட்சியோடு அவருடைய கலைவாழ்வு தொடங்கிவிட்டது.

கலைவாழ்வு என்றால் வசனம் நிறைய இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த வசனங்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். "டேய்!" "சரி முதலாளி." "ஆள் தப்பீட்டுது முதலாளி." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் பட்டபாடு கொஞ்சமில்லை. வரம்பில் நின்று "ஆள் தப்பீட்டுது முதலாளி" என்று ஒருநாள் கோபமாகவும் ஒருநாள் பயமாகவும் ஒருநாள் கவலையாகவும் சொல்லிப் பார்ப்பார். பக்கத்து வயல்காரர் முதல் தரம் கேட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடி வந்தார். பிறகு பிறகு அவரும் பழகிவிட்டார். "இண்டைக்குக் கவலை கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணை" என்று அபிப்பிராயம் சொல்கிற அளவுக்கு முன்னேறிவிட்டார்.

நாடகம் போகிற காலத்தில் சந்தைக்குப் போவதுதான் அவருக்குச் சோதனை. நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். நாங்கள் நாயாற்றக்கா என்போம். ஒரு நாடகத்திலும் ஒரு நாளைத் தவற விடமாட்டார். சாகாவரம் அண்ணையும் கூட்டாளிகளும் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போன கிழமை, சந்தை நடுவே பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளையை எங்கையடா கொண்டுபோய் அடைச்சு வைச்சிருக்கிறாய்? தாய் அங்க சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள்!"

"கத்தாதையுங்கோ அக்கா. வெள்ளிக்கிழமை விட்டிடுவம்."

"பிள்ளைக்குச் சாப்பாடாவது குடுத்தனீங்களோ?"

"ஓமக்கா. புட்டும் சம்பலும்."

அப்படியும் அவர் மனம் இரங்கவில்லை. பெரிய றாலைச் சாக்கால் மூடிவிட்டு, மலிவான சூடை மீனில் ஒரு கூறு அள்ளிப் போட்டார். கதாநாயகியை விடும் வரைக்கும் அண்ணை வீட்டில் சூடைக் குழம்புதான். "ஏச்சு விழுந்தால் வேலை சரியாச் செய்திருக்கிறன் எண்டுதானே மாஸ்டர் அர்த்தம்" என்று அவர் அந்தக் குழம்பைச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

இப்படி எதற்கும் வளைந்து கொடுக்கிற மனிதர் ஒன்றுக்கு மட்டும் மசியமாட்டார். சாகமாட்டார்.

அடியாள் என்றால் கடைசியில் செத்துப்போக வேண்டியவன். அதற்காகத்தான் அவனை வைத்திருக்கிறார்கள். அண்ணையோ, கதை கேட்கும்போதே "தம்பி, நான் சாகமாட்டன். வேணுமெண்டால் மயக்கம் போடுறன்" என்று சொல்லிவிடுவார். ஒரு நாடகத்தில் முதலாளியும் அடியாட்களும் காரோடு எரிந்துபோனபோது இவர் மட்டும் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். இன்னொன்றில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், கதை முடியும் வரைக்கும் வீடு திரும்பவில்லை. மூன்றாவதில் நெறியாளருக்கு வழி ஒன்றும் தெரியாமல், "அவன் கனடாவுக்குப் போட்டான்" என்று ஒரு வசனத்தை வைத்து ஆளை அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் அதை ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாடகத்திலேயே நம்பக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்றார்கள்.

படப்பிடிப்புக்காரர் கேலியாக வைத்த சாகாவரம் என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தப் பிடிவாதத்தால் அவர் மேலே போகவே இல்லை. சாகத் தெரிந்தவர்களுக்குத்தான் நல்ல பாத்திரம் கிடைத்தது. நேற்று வந்த பொடியன்கள் எல்லாம் வசனம் பேசிச் செத்தார்கள். இவர் எழுத்தோட்டத்தில் அடியாள் மூன்று என்றே இருந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் வேலியடியில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. யுத்தத்தின் கடைசி நாட்களில் அவர் காயப்பட்டு விழுந்ததைக் கண்ட ஒருவர், இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்கு வந்து அவருடைய மனைவி மலரக்காவிடம் ஆள் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சொன்னவரில் பிழையில்லை. அன்றைக்கு விழுந்தவர்களில் எழும்பியவர்கள் குறைவு. மலரக்கா பொட்டை அழித்துவிட்டா. சேதி வந்த நாளிலிருந்து எண்ணி எட்டுச் செலவும் செய்தா. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. முகாமில் கொடுத்த அரிசியையும் பருப்பையும் வைத்துக்கொண்டு, யாரிடமோ ஒரு கருவாட்டுத் துண்டு கேட்டு வாங்கிச் சமைத்து, கூடாரத்துக்குள் படைத்துக்கொண்டு இருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து சுகம் என்று துண்டு வெட்டி அனுப்பப்பட்ட அண்ணை தடியூன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கட்டிப்பிடிச்சு அழுவா எண்டு நினைச்சன் மாஸ்டர். அகப்பையால ஒரு அடி விட்டா, தோள்மூட்டில. இண்டைக்கும் மழைக்குளிருக்கு நோகும். இத்தினை நாடகத்தில வாங்கின அடியில உண்மையான அடி அது ஒண்டுதான். பிறகு இருந்து என்ரை படையலை நானே திண்டனான். உப்புக் காணாது."

சிரித்துக்கொண்டிருந்தவர் வேலிக் கதிகாலில் துளிர்த்திருந்த இலையொன்றைக் கிள்ளினார்.

"ஒருக்காச் செத்தது காணும் எண்டு அவா சொல்லிப்போட்டா. நான் அடி வாங்கிறதையே அவா பாக்கிறேல்லை. நாடகத்தில சண்டை தொடங்கினால் குசினிக்குள்ள எழும்பிப் போயிடுவா."

இப்படி இருக்கும்போதுதான், போன வருடம் சிறுபோகம் விதைத்த கையோடு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இளம் நெறியாளர் வான் வண்டியில் வந்து இறங்கினார். அண்ணைக்கு என்றே ஒரு பாத்திரம் எழுதியிருக்கிறாராம். பாத்திரத்துக்குப் பெயர் இருந்தது: தர்மு. வில்லனின் வலதுகை. கடைசியில் மனம் மாறி, கதாநாயகிக்கு விழவேண்டிய கத்திக்குத்தைத் தான் வாங்கி, கதாநாயகனின் மடியில் சாகிறான். சாகும்போது ஒரு முழுப் பக்கம் வசனம். வாழ்நாள் முழுக்க "டேய்" என்று மட்டும் சொன்ன மனிதருக்கு ஒரு முழுப் பக்கம்! நெறியாளர் தாளைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பதிலுக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வேலிக்கு மேலால் தர்முவின் குரல் வந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் குளிக்க வாளியை இறக்கிவிட்டு வசனம் சொல்லத் தொடங்கினால், வாளி தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். எனக்கும் பாடமாகிவிட்டது. என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் பாடமாகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை அவர்களுக்கு இன்றைக்கும் நினைவில்லை, தர்முவின் கடைசி வார்த்தை நினைவிருக்கிறது.

ஞாயிறு வந்தது, நெறியாளரும் வந்தார். நானும் பேப்பர் வாங்கப் போகிற சாட்டில் உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்துகொண்டேன்.

அண்ணை கேட்டார்: "தம்பி, தர்மு மயக்கம் போட்டால் காணாதோ?"

"மயக்கம் போட்டவனுக்கு ஆரும் அழமாட்டினம் அண்ணை."

அண்ணை குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே மலரக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்துப் பழையதாகிப்போன அந்தத் தாளை முழங்காலில் வைத்துக் கையால் நீவி நேராக்கினார். நெறியாளரிடம் நீட்டினார்.

"நல்ல பாத்திரம் தம்பி. நான் செய்யேல்லை. வேற ஆரையும் பாருங்கோ."

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. மாட்டை அவிழ்க்கப் போகிறவர் மாதிரி அவர் எழும்பி முற்றத்துக்கு இறங்கினார். அப்போதுதான் மலரக்கா தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தா.

"கிழமை முழுக்கக் கிணத்தடியில செத்துச் செத்துப் பாத்த மனிசன், இப்ப வேண்டாமாம்" என்று தட்டை வைத்துவிட்டு நெறியாளரைப் பார்த்துக் கேட்டா: "தம்பி, உவர் எங்கை வைச்சுச் சாகவேணும்?"

"நாயாற்றுப் பக்கம் அம்மா. கரையில."

"நான் வருவன். போன முறை நான் பக்கத்தில நிக்கேல்லை. இந்த முறை நிப்பன். அப்பிடியெண்டால் சாகட்டும்."

நெறியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தலையாட்டிவிட்டார். முற்றத்தில் நின்ற மனிதர் திரும்பவேயில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பு நாளன்று நெறியாளரின் வான் வண்டியில் அவர்கள் இருவரும் ஏற, யாரும் கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன். நாயாற்றுக் கரையில் நல்ல வெயில். மலரக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்றா. அண்ணைக்குக் கத்திக்குத்து விழுந்தது. நெஞ்சில் சிவப்புச் சர்பத்தை ஊற்றியிருந்தார்கள். மனிதர் மடியில் கிடந்து அந்த முழுப் பக்கத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மலரக்காவைப் பார்த்தேன். குடைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தா, அவ்வளவுதான்.

"கட்!" என்றார் நெறியாளர். "அண்ணை, அசையாதையுங்கோ! மற்றப் பக்கத்தால முகத்தை எடுக்கவேணும்."

அங்கேதான் வந்தது வில்லங்கம். கமராவை மாற்றுவதற்கிடையில் ஒரு மேகம் வந்து வெயிலை மூடிவிட்டது. வெயில் திரும்பும் வரைக்கும் பிணம் கிடந்தபடி கிடக்க வேண்டும். மணலும் இரத்தமும் கலையக்கூடாது. கதாநாயகன் மடியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டான். சாகாவரம் அண்ணை தொழில் தெரிந்தவர். கண்ணை மூடிக்கொண்டு, வாய் சற்றுத் திறந்தபடி, அந்த மணலில் தனியாகக் கிடந்தார். ஒருவரும் அவருக்குக் கிட்ட இல்லை.

மலரக்கா விறுவிறு என்று நடந்தா. உதவியாளன் ஒருவன் மறித்தான்.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ."

"கமரா ஓடுதோ?"

"இல்லை."

"அப்ப நீர் தள்ளி நில்லும்."

மணலில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, குடையை அவருடைய முகத்துக்கு மேலே பிடித்தா. சர்பத் இனிப்புக்கு எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றா, வீட்டில் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே.

பிணம் பேசவில்லை.

"இஞ்சேருங்கோ! நாளைக்கு வயலுக்கு மருந்தடிக்க ஆள் வருது. மருந்து வாங்கி வைச்சனீங்களோ?"

உதடு அசையாமல், மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது: "ஓம்."

"ஆட்டுக்குக் குழை வெட்டினனீங்களோ?"

"ஓம்."

"எங்கையும் நோகுதோ?"

"எறும்பு."

மலரக்கா சேலைத் தலைப்பால் ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டா, இரத்தம் கலையாமல். தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா. கதவைப் பூட்டினனீங்களோ, திறப்பு எங்கை, மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள். எல்லாவற்றுக்கும் பிணம் "ஓம்" என்றது. என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கும் ஓம்தான். யாரும் சிரிக்கவில்லை. கமராக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேகத்தைத் திட்டினார்.

வெயில் திரும்பியது. எழும்புவதற்கு முன்னால் மலரக்கா குனிந்து மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது.

"இனியும் சாகலாம். எனக்குச் சொல்லாமல் சாகக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்."

ஒளிபரப்பில் அந்த முழுப் பக்கத்தில் அரைவாசியை வெட்டிவிட்டார்கள். இருந்தும் ஊரே அழுதது. அடுத்தநாள் சந்தையில் நாயாற்றக்கா அண்ணையைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, பெரிய றாலில் ஒரு கூறு அள்ளிப் பையில் போட்டார். "மாதாவே, செத்த பிள்ளைக்கு எப்பிடியடா நான் விலை சொல்லுறது? கொண்டுபோ" என்றார். அண்ணை எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

இப்போது அவருக்குப் பாத்திரங்கள் தேடி வருகின்றன. எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது, எல்லாவற்றிலும் சாகிறார். வெடிபட்டுச் சாகிறார், கிணற்றில் விழுந்து சாகிறார், போன மாதம் நஞ்சு குடித்துச் செத்தார். மலரக்கா இப்போது குசினிக்குள் போவதில்லை. முன்கதிரையில் இருந்து பார்க்கிறா. அவர் சாகிற கட்டம் வந்ததும் அந்த வீட்டிலிருந்து "இஞ்சேருங்கோ" என்று ஒரு குரல் கேட்கும். உடனே "ஓம்" என்று ஒரு பதில் வரும். அந்த ஓம் வேலிக்கு மேலால் என் காதில் வந்து விழும் வரைக்கும் நானும் தொலைக்காட்சியை நிறுத்துவதில்லை.