செத்துப்போன கேட்ச்சரின் கையுறை

பெல்ஃபோர்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட இடம் கிடைத்துவிடும். டெல்மர் ஸ்ப்ராக் உட்காரும் பாரில் நிற்க இடம் கிடைக்காது. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், பேஸ்பாலில் பந்து பிடிக்கும் கேட்ச்சர் போடும், எண்ணெய் ஊறிய பழைய கையுறை ஒன்றை அவர் காதில் வைத்துக்கொள்வார். அதற்குள்ளிருந்து செத்துப்போன ஒரு கேட்ச்சர், அன்றைக்கு எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்வாராம். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் பேச்சை வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. செத்த பிறகு ஊரே கேட்கிறது. என்ன யோகம் பாருங்கள்!

வாக்கு பலித்தால் கையுறையின் மகிமை. பொய்த்தால், கூட்டத்தில் யாரோ சாக்ஸைத் துவைத்து அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டார் என்று அர்த்தம். அதனால் ஊரில் எவரும் சாக்ஸ் துவைப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பக்தி செய்தார்கள்.

மெக்கானிக் லாய்ட் ஹோவாக்கும் அந்த நாற்றத்தில்தான் நின்றிருந்தான். கையிலிருந்த போனில் கணிப்புச் சந்தை. கணக்கு சுலபம். ஓர் அணியின் சீட்டை வாங்க வேண்டும். அது ஜெயித்தால் சீட்டுக்கு ஒரு டாலர், தோற்றால் பட்டை நாமம். சீட்டு நாற்பது சென்ட் என்றால், நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. இடையில் எப்போது வேண்டுமானாலும் விற்றுவிட்டுப் போகலாம். குளிர் வருவதற்குள் வீட்டு ஹீட்டரை மாற்றச் சேர்த்த பணம் முழுவதையும் லாய்ட் இன்றைக்குப் போடப் போகிறான்.

"ஹாக்ஸ்!" டெல்மர் கண்ணை மூடியபடி அலறினார். "ஹாக்ஸ்தான்னு சொல்றார்! வாங்குங்க!"

கட்டைவிரல்கள் பறந்தன. ஹாக்ஸ் சின்ன அணி. அதன் சீட்டை வாங்குவோர் விற்போர் கொஞ்சம் பேர்தான். இந்த ஒரு பார் பாய்ந்ததிலேயே முப்பத்தெட்டு சென்ட் சீட்டு அறுபதைத் தொட்டது.

"ஏறுது பாருங்கப்பா! சந்தைக்கே தெரிஞ்சுபோச்சு!" லாய்ட் விரலை ஓங்கினான்.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மனைவி நார்மா.

"சந்தைக்கு என்ன தெரியும்? நீங்கல்லாம் வாங்குறதாலதானே ஏறுது!" என்றவள் டெல்மர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்கியிருக்கீங்களா?"

"காலையிலேயே! நான் நம்பாம ஊருக்குச் சொல்வேனா?"

"ரொம்ப நல்லது. அப்ப கடைசி அவுட் வரைக்கும் போனைத் தொடாதீங்க. கையுறைக்குள்ளயே வைங்க, அவரே பாத்துக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. டெல்மர் சிரிக்கவில்லை. "அவருக்கு கரன்ட்டு ஆகாதும்மா..."

"தலைக்கு மேல டிவி ஓடுதே, அது மட்டும் ஆகுமா?"

வேறு வழியில்லாமல் போன் கையுறைக்குள் போனது. வெளியூரில் விவரம் தெரிந்தவர்கள் விற்கத் தொடங்க, விலை இறங்கியது. டெல்மருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாத்ரூம் போகணும்."

"தாராளமா போங்க. அங்க போன் எதுக்கு?"

ஐம்பதுக்கு வந்ததும் மனுஷன் பாய்ந்து போனைப் பிடுங்கினார். கையுறை தரையில் சிந்தியிருந்த பீரில் விழுந்தது. கேட்ச்சர் முனகக்கூட இல்லை. லாய்ட் எட்டிப் பார்த்தான். விலை ஏறுமுன் காலையில் வாங்கிய ஹாக்ஸ் சீட்டுகள், மூட்டை மூட்டையாக. டெல்மரின் விரல் விற்பனைப் பொத்தானில்.

"யோவ்! எங்களை வாங்கச் சொல்லிட்டு எங்க தலையிலேயே கட்டுறியா?" லாய்ட் கத்தினான். நார்மா வந்திராவிட்டால் ஹீட்டர் பணம் இந்நேரம் அந்த ஆள் பையில் இருந்திருக்கும்.

டெல்மர் பின்வாசல் வழியாக ஓடினார். எந்த அணி ஜெயித்தால் அவருக்கென்ன? முதல் பந்து வீசுமுன்பே அவருக்கு அறுவடை முடிந்துவிடும்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன ஹாக்ஸ் ஜெயித்துத் தொலைத்தது.

பாரில் ஒருவர் கையுறையை எடுத்துச் சட்டையால் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப கையுறை சொன்னது பலிச்சிருச்சே நார்மா..." லாய்ட் முனகினான்.

"ரெண்டு டீம் ஆடினா ஒண்ணு ஜெயிச்சுத்தானே ஆகணும்? அதை வந்து சொல்லச் செத்தவரா வேணும்?" நார்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அதைக் காதுல வச்சிருந்தவனே ஒரு இன்னிங்ஸ்கூட நம்பல, நீ நம்புறியா? உன் மண்டைக்குள்ள ஒண்ணு இருக்கே, அது சொல்றதையும் கொஞ்சம் கேளேன். அது இன்னும் சாகலையே!"