சுவருக்கு ஒரு கோட்டு

"கையைத் தூக்குன்னு சொன்னா வீடு தூக்குமா?" என்று மனைவி கேட்டபோது, டெய்லர் மாஸ்டர் ஸ்டூல் மேல் நின்று தன் வீட்டின் வெளிச்சுவரை இஞ்ச் டேப்பால் மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் பேசாம இரு. தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் எடுத்துட்டேன். மறந்துடும்."

மாஸ்டருக்குத் தோள் என்றால் கூரை விளிம்பு, இடுப்பு என்றால் ஜன்னல். முப்பது வருடமாக மனிதர்களை அளந்தவர், ஒரே நாளில் பாஷையை மாற்றிக்கொள்ள முடியுமா?

விஷயம் இதுதான். போன வாரம் மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "இந்தச் சுவர் ஓரமா படுத்தா முட்டி ரெண்டும் மரத்துப் போகுது. குளிர் மாசம் பொறக்கிறதுக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் மகள் வீட்டுக்குப் போயிடறேன். அங்க ரூமுக்கு ரூம் ஹீட்டர் இருக்கு."

போனால் அவள் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை மாஸ்டருக்கு இல்லை. விடிந்ததும் கடைக்குப் போய், இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்டுக் குறட்டை விடும் புருஷனுக்காக யார் ஹீட்டரை விட்டுவிட்டு வருவார்கள்? மகள் கல்யாணத்துக்கு மட்டுமே மூடிய கடையில் 'நாலு நாள் லீவு' என்று பலகையை மாட்டிவிட்டு வந்தார்.

கட்டட சாமான் கடையில், குளிர் உள்ளே வராமல் வெளிச்சுவரில் ஒட்டும் பலகைகளில் மூன்று மாதிரித் துண்டுகள் கொடுத்தார்கள். மாஸ்டர் அவற்றை வீட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினார்.

"இது தெர்மாகோல். விலை மலிவு."

"டிவி வாங்கினப்போ பெட்டிக்குள்ள வந்ததுதானே? வீட்டை என்ன பார்சல் கட்டி அனுப்பப் போறீங்களா?"

"சரி, இது தக்கை. மரப்பட்டையில செய்றது."

"பாட்டில் வாயை அடைக்கிறதா? இந்த வீட்டுல அடைக்க வேண்டிய வாய் வேற இருக்கு."

"அப்போ இது. கல் கம்பளி. கல்லை உருக்கி நூலா இழுத்துப் பலகையாக்கினது."

"கல்லுல கம்பளியா? அது எந்த ஆட்டுக்கு முளைக்குது?"

மூன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி சாமான் கடைக்குப் போனார். வேறு கனத்தில் கொண்டுவந்தார். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில், "உங்களுக்குத் தெரிஞ்சது துணிதான். கம்பளியே போடுங்க" என்று அவள் இறங்கி வந்தபோது நாலு நாளும் தீர்ந்திருந்தது. கடைப் பலகையில் 'நாலு'வை அழித்து 'பதினைந்து' என்று எழுதினார் மாஸ்டர்.

கொத்தனாரிடம் மொத்தக் கூலி பேசியாயிற்று. "பத்தே நாள் வேலை மாஸ்டர்" என்றார் அவர். அளவுச் சீட்டை வாங்கிப் படித்த மனைவி, "சரியாத்தான் இருக்கு" என்று மடித்துக் கொடுத்தாள்.

பலகைகள் வந்தன. வீட்டில் பாதிக்குத்தான் போதின.

கொத்தனார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவர் இருபத்தெட்டு அடி. நீங்க பதினாலுன்னு எழுதியிருக்கீங்களே?"

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் தையல்காரன் வெட்டுவான். அதனால் அகலத்தைப் பாதியாக்கி எழுதியே அவருக்குப் பழக்கம்.

"மாஸ்டர், இது வீடு. மடிச்சு வெட்ட முடியாது."

மீதிப் பாதி வர எட்டு நாள் ஆகும் என்று சாமான் கடையில் சொன்னார்கள். அந்தப் பாதிக்குத் தெர்மாகோல் ஒட்டிவிடலாம் என்ற அவர்கள் யோசனையை மாஸ்டர் காதில் வாங்கவே இல்லை. ஒரே சட்டையில் இரண்டு துணியா? தொழிலுக்கே அவமானம்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சுவரில் ஒட்டி இன்னும் பூச்சு பூசாத கம்பளி நனைந்தால் போச்சு. மாஸ்டர் தன் தையல் கடைக்கு ஓடி, கோட்டுத் துணி இரண்டு சுருளை அள்ளிக்கொண்டு வந்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். துணியும் நனைந்தது, கம்பளியும் நனைந்தது. வெயில் வந்ததும் பலகைகளைக் கழற்றி, வெறுங்கையால் தூக்கி உலர்த்தினார். அன்று மாலை, கல் நூல் குத்திக் கையும் கழுத்தும் அரிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

மனைவி அவர் கையையும் கழுத்தையும் கழுவிவிட்டு, எதிரே உட்கார்ந்து எண்ணெய் தடவினாள்.

"ஞாபகம் இருக்கா, கட்டின புதுசுல இந்தச் சுவர் ஈரம் காயாம இருந்தப்போ தினமும் நான்தான் தண்ணி ஊத்துவேன்?"

"நீ ஊத்தினதுல பாதி சுவருக்கு, பாதி எனக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீடே தையலில் எழும்பியதுதான். கிழக்குச் சுவர் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்த காசு. சமையலறை, ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டியின் இருபத்தேழு சிவப்புக் கோட்டு. அத்தனைக்கும் பொத்தான் வைத்துக் கொடுத்தவள் அவள். வேலை முடிந்ததும் இருவரும் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பிறகு கடை பெரிதாயிற்று, பொத்தானுக்கு மெஷின் வந்தது, அவளுக்குக் கடையில் வேலை இல்லாமல் போயிற்று. பகல் வெளிச்சத்தில் அவள் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தார். தெரியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மீதிப் பலகைகள் வந்தன. ஒட்டி, பூச்சு பிடிக்க வலை அடித்து, பூசியும் முடித்த பிறகு பார்த்தால் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் நாலும் பாதியில் நின்றன. சுவர் பருத்துவிட்டது.

"இடுப்புல லூஸ் விட மறந்துட்டோமே!" என்று அலறினார் மாஸ்டர்.

"கொத்திட்டு மறுபடி பூசலாம்" என்றார் கொத்தனார், கொஞ்சமும் பதறாமல். ஒரு ஜன்னலுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டார்.

"மொத்தக் கூலி பேசிக்கிட்டு இவ்வளவு மெதுவா வேலை பார்க்கிற ஆளை நான் கண்டதே இல்ல" என்று பல்லைக் கடித்தார் மாஸ்டர்.

"நிதானமா செய்றாரு, விடுங்க. உட்காருங்க, டீ தரேன்."

வேலை முடிந்தபோது குளிர் மாதம் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மாஸ்டர் கட்டில் ஓரமாகச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லிப்பு இல்லை. ஒரு கல்யாணக் கோட்டு சரியாக உட்கார்ந்துவிட்ட திருப்தி.

"இனிமே மகள் வீட்டுக்குப் போக மாட்டியே?"

"முட்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

"அப்போ நாளைக்குக் கடையைத் திறந்துடறேன்."

"திறங்க" என்றாள். சொன்ன வேகத்தில் முகம் கொஞ்சம் வாடியது. பாவம், ஒரு மாதமாக வீட்டில் தூசியும் சத்தமும், அலுத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் கொல்லைக் குழாயடிக்குக் கை கழுவப் போனார்.

இப்போது நன்றாகவே திறக்கிற சமையலறை ஜன்னல் வழியாகக் கொத்தனாரின் குரல் தாழ்ந்து கேட்டது:

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி பத்து நாள் வேலையை ஒரு மாசம் இழுத்தாச்சு. மாஸ்டரை இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல உட்கார வைக்கணும்னா, மகள் வீட்டுக்குப் போறேன்னு நீங்க மறுபடியும் ஒரு தடவை மிரட்டினாத்தான் உண்டு!"