வேணாம் அண்ணனும் ஓசி காலண்டரும்

ஓசியில் கிடைத்ததை வாங்க மறுத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் தஞ்சாவூர் ஆபீசில்தான் புரோகிராம் எழுதினார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நாங்கள் வைத்தது ‘வேணாம்’ அண்ணன்.

மற்றவர்கள் எழுதி இலவசமாக இணையத்தில் போட்டு வைத்திருக்கும் ரெடிமேட் ‘கோட்’களை எடுத்து ஒட்டிவிட்டு, சாயங்காலம் பஸ் பிடிப்பதுதான் எங்கள் தொழில் தர்மம். அண்ணன் இருக்கும்வரை அது நடக்கவில்லை. ஒரு நாள், தேதியைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் காலண்டரை இறக்கினேன். அது தனியாகவா வந்தது? அதைத் தாங்கிப் பிடிக்க ஃப்ரேம்வொர்க் என்று ஒரு பெரிய மூட்டையும், அதற்கு எடுபிடியாக ஒரு படையும் கூடவே வந்து இறங்கின.

“ஏம்மா, நீ யாரக் கூப்பிட்ட?”

“காலண்டர மட்டுந்தாண்ணே.”

“மாப்பிள்ளையக் கூப்பிட்டா மச்சான் வருவான், சரி. மச்சானோட மாமனாருக்கு எதுக்கு இங்க எல போடணும்? வேணாம், தூக்கு!”

“காலண்டர் நல்லாத்தானேய்யா இருக்கு, விடு” என்றார் முதலாளி. அப்போது எங்களுக்கு இருந்ததே ஒரே ஒரு வாடிக்கையாளர். நன்னிலத்தில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் பாய். விவசாயிகள் போனிலேயே மெஷினுக்குத் தேதி போட ஆப் கேட்டிருந்தார். சம்பா அறுவடைக்குள் அது ஓடவில்லையென்றால் பாய் போய்விடுவார், ஆபீசையும் பூட்டவேண்டியதுதான்.

ஓடவில்லை. வயலில் நின்று பாய் தன் பழைய போனில் திறந்தார். சிக்னலும் இல்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இது சுத்தி முடிக்கிறதுக்குள்ள நெல்லு மொளச்சிடும் தம்பி.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் முகத்திலோ கல்யாணக் களை! மொத்தத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு, காலண்டரைத் தன் கையாலேயே எழுதினார். சோறு தண்ணி மறந்து எழுதினார்.

அடுத்த முறை அதே வயலில், கண் மூடித் திறப்பதற்குள் ஆப் திறந்துகொண்டது. முதலாளி அண்ணனைக் கும்பிடாத குறை. பாய் ஒரு தேதியை அமுக்கினார். அசையவில்லை. மறுபடி அமுக்கினார்.

“ஏன் தம்பி, செவ்வாக்கெழம மட்டும் வேல செய்யல?”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “அது அஷ்டமிங்க. எங்கம்மா பூட்டச் சொன்னாங்க. நல்ல நாளாப் பாத்துத்தான் அறுப்பு ஆரம்பிக்கணுமாம்.”

“அட பாவி!” என்று முதலாளி அலறினார். “ஊரு ஒலகத்துல உள்ளதெல்லாம் வேணாம்னு தூக்குனியே, இதத் தூக்க மாட்டியா?”

“எத வேணாலும் தூக்கலாங்க. அம்மாவ எப்பிடிங்க தூக்குறது?”

பாய் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். “அஷ்டமின்னு மழை காத்திருக்குமா தம்பி? பூட்டாதீங்க. பக்கத்துல எழுதி மட்டும் காட்டுங்க. வேணுங்கறவங்க தள்ளிப் போட்டுக்கட்டும்.”

அந்த சம்பா முழுக்க ஆப் ஓடியது. எங்கள் ஆபீசும் பிழைத்தது.

இப்போது நான் சென்னையில், பெரிய கம்பெனியில். எதை இறக்கினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. மச்சானும் மாமனாரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் பட்டனை அமுக்குமுன் பக்கத்து நாற்காலியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணே, நீங்க திட்டாம எனக்குக் கையே ஓட மாட்டேங்குது.