முதல் பெல்ட்டில் மாப்பிள்ளையின் பெட்டி

பெட்டியைப் பூட்டியிருந்த விதம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

எண் பூட்டு ஒன்று. அதற்கு மேல் ஒரு பட்டை. பட்டைக்கு ஒரு தனிப் பூட்டு. வாடகை அறையைக் காலி செய்துவிட்டு லாட்ஜுக்குப் போன மாப்பிள்ளை, பெட்டியை மட்டும் இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

"எதுக்கு இத்தனை பூட்டு?" என்றார் அண்ணன்.

"வழியில திறந்துக்கக் கூடாதுல்ல" என்றாள் தங்கை.

"இப்ப எந்த வழியில இருக்கு? நம்ம வீட்டு மூலையிலதானே இருக்கு?"

தங்கை பதில் சொல்லாமல் துணி மடித்தாள். பதில் சொல்லாதவர்களை அண்ணன் மனதில் குறித்துவைப்பார். தொழில் பழக்கம். விமான நிலையத்தில், ஊழியர்கள் நுழையும் வாசலில், பைகளை ஊடுருவிக் காட்டும் ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர். அந்த வாசலில் இரண்டு பெல்ட்கள். இவர் முதல் பெல்ட்.

மாப்பிள்ளை வேறு நாட்டுக்காரன். பாலம் கட்ட வந்த இன்ஜினியர். பாலத்தில் சறுக்கி முட்டி பிசகியது. பிசியோதெரபி அறைக்கு வந்தான். அங்கே தங்கை வேலை பார்த்தாள். முட்டி சரியானது. அவன் வருவது நிற்கவில்லை. அன்று தொடங்கிய சந்தேகம் இது. நல்ல முட்டியை வைத்துக்கொண்டு ஒருவன் எதற்கு வைத்தியத்துக்கு வருகிறான்?

வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். அடுத்த வாரம் இருவரும் மூன்றாவதாக ஒரு நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே அவனுக்குப் புது வேலை. இருவருமே பார்க்காத நாடு. அந்த ஊர் மொழியை இருவரும் சேர்ந்து படித்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து அதிலேயே பேசுவார்கள், சிரிப்பார்கள், திரும்பி அண்ணனைப் பார்ப்பார்கள். பிறகு மறுபடியும் சிரிப்பார்கள்.

"என்ன சொல்றான்?"

"பால் எங்க கிடைக்கும்னு கேக்கறாரு. பாடத்துல வருது."

பால் வாங்குவதில் என்ன சிரிப்பு? இதையும் குறித்துக்கொண்டார்.

தமிழும் அவனுக்குக் கொஞ்சம் வரும். தங்கை சொல்லிக்கொடுத்தது. ஆரம்பத்தில் இவரை "அண்ணா" என்று கூப்பிட்டான். "நீ அண்ணான்னு கூப்பிட்டா அவ உனக்குத் தங்கச்சி ஆயிடுவா. அப்புறம் யாரைக் கட்டிப்பே?" என்று அண்ணன் அதட்டிய பிறகு "மச்சான்" என்று மாற்றிக்கொண்டான். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டான். சட்டென்று மாறுகிறவர்களை நம்பக் கூடாது என்பது அண்ணனின் அபிப்பிராயம்.

இவ்வளவுக்கும் அவருக்கு அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தவர் அவர்தான். அவளை நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும். தப்பான இடத்தில் கொடுத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

தங்கை வேறு போன வாரம் ஒரு குண்டைப் போட்டிருந்தாள்.

"நீ இங்க ஒத்தையா இருப்பேன்னா நான் போகலைண்ணா. கல்யாணத்தையே தள்ளிப் போட்டுடலாம்."

"எனக்கென்ன? எனக்கு யாரும் வேணாம். பாத்துப்பேன்."

இதைச் சொல்லும்போது அண்ணன் தன் டிஃபன் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த டப்பாவை அவர் யாரையும் தொட விடுவதில்லை. தங்கைக்கும் மாப்பிள்ளைமேல் சந்தேகம் வந்துவிட்டது, நேரடியாகச் சொல்ல வெட்கப்பட்டு நம்மேல் பழி போடுகிறாள் என்று அண்ணன் முடிவுகட்டினார்.

பூட்டைப் பற்றிக் கேட்ட மறுநாள் காலை வாணலியைக் காணவில்லை.

அம்மா காலத்து இரும்பு வாணலி. இரண்டு ஆள் கனம். ஒரு காது வளைந்திருக்கும். அடுப்பங்கரை முழுக்கத் தேடிவிட்டு அண்ணன் கூடத்து மூலையைப் பார்த்தார். பெட்டி அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறிய அமைதி.

தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. சாய்த்தார். உள்ளே 'ணங்' என்றது.

"என்னண்ணா பண்றே?" குளியலறையிலிருந்து தங்கையின் குரல்.

"சக்கரம் ஆடுது. பாத்துட்டிருக்கேன்."

அவள் ஈரத் தலையோடு வந்து சக்கரத்தைச் சுழற்றினாள். அது வெண்ணெய் மாதிரி சுழன்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

"உனக்குத் தெரியாது. ஏர்போர்ட்ல எத்தனை சக்கரம் பாக்கறேன்."

அவள் உள்ளே போனதும் அண்ணனுக்கு வேறு வழி இருக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சக்கரத்தைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். சக்கரம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

"சொன்னேன்ல?" என்று அதைத் தூக்கிக் காட்டினார். "எங்க ஆபீஸ்ல பெட்டி ரிப்பேர் பண்றவர் இருக்கார். இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்."

தங்கையின் முகம் மாறியது. "வேணாம்ணா. அங்க வேணாம். வேற எங்கயாவது குடுக்கலாம்."

"ஏன், எங்க ஆபீஸுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அதற்கு மேல் அண்ணன் கேட்கவில்லை. ஆட்டோ கூப்பிட்டார்.

ஊழியர் வாசலில் ஷிஃப்ட் இன்னும் தொடங்கவில்லை. இரண்டாம் பெல்ட்டில் மட்டும் ஆள் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணை எல்லோரும் 'இரண்டாம் பெல்ட்' என்றே கூப்பிடுவார்கள். அண்ணன் மட்டும் "மேடம்" என்பார். அந்த டிஃபன் டப்பாவை இரண்டு வருஷமாக மதியம் நிரப்புவது அவள்தான். தங்கை கல்யாணம் முடிந்ததும் தங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்போதே சொன்னால், அண்ணன் தன்னைத் துரத்தப் பார்க்கிறார் என்று தங்கை நினைத்துக்கொள்வாள் என்று பயம். மற்றவர்கள் மறைப்பதுதான் அவருக்குப் பிடிக்காது.

"என்ன சார், ஊருக்கா?" என்றாள்.

"மாப்பிள்ளை பெட்டி. சும்மா ஒரு தடவை விட்டுப் பாத்துடறேன்."

"ஐயோ, எதுக்கு?" எழுந்தே விட்டாள்.

அதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது.

ஸ்கிரீனில் சட்டைகள் ஆரஞ்சாக விரிந்தன. நடுவில் வட்டமாக, எதுவும் ஊடுருவ முடியாத கறுப்பு. ஒரு காது வளைந்திருந்தது.

"எங்க வீட்டு வாணலி!" என்றார் அண்ணன். "திருடன்!"

அதற்குப் பக்கத்தில்தான் அந்தச் செருப்பு இருந்தது. பெண்கள் செருப்பு. குதியில் வரிசையாக ஆணிப் பொட்டுகள். அருகே ஒரு டஜன் வளையல், வட்ட வட்டமாக.

"தங்கச்சிக்கு வாங்கியிருப்பாரு சார்" என்றாள் இரண்டாம் பெல்ட் அவசரமாக.

"யாருகிட்ட சொல்றீங்க? பள்ளிக்கூடத்துலேருந்து அவளுக்குச் செருப்பு வாங்கறவன் நான். கடைக்காரன் அவ காலைப் பாத்ததும் ஆம்பளைங்க வரிசைக்குத்தான் அனுப்புவான். இது சின்னக் கால். வளையலைப் பாருங்க. நோயாளிங்க முட்டியை மடக்கி மடக்கி அவ கை உலக்கை மாதிரி ஆயிடுச்சு. இதுல அவ நாலு விரல்கூட நுழையாது." அவர் குரல் இறங்கியது. "இவனுக்கு இன்னொருத்தி இருக்கா மேடம்."

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க சார். அடுத்தவங்க பெட்டி. நல்லால்ல."

எவ்வளவு நல்ல மனசு என்று அண்ணன் நினைத்தார். உறுதி செய்துகொள்ளப் பெல்ட்டைப் பின்னால் ஓட்டினார். முன்னால் ஓட்டினார். மறுபடி பின்னால்.

"அது என்னய்யா, கறுப்பா?"

பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

வாணலி என்று சொல்லியிருக்கலாம். பூட்டிய பெட்டிக்குள் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பார். அண்ணன் பாதுகாப்பான பதிலைத் தேர்ந்தெடுத்தார்.

"தெரியல சார்."

அந்த வாசலில் அதைவிட ஆபத்தான பதில் கிடையாது. சூப்பர்வைசர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் நின்றது. பின்னால் விமானிகளும் சமையல்காரர்களும் துப்புரவுப் பெண்களும் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள்.

"பெட்டி உன்னுதா?"

"இல்ல சார்."

"நீதான் அடுக்கினியா?"

"இல்ல சார்."

"யாராவது குடுத்துவிட்டாங்களா?"

"இல்ல சார். நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார்."

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "இதே பதிலை ஒரு பயணி சொல்லியிருந்தா நீ என்ன பண்ணுவே?"

"ஓரமா உக்கார வைப்பேன் சார்."

"போய் உக்காரு."

அண்ணன் ஓரமாக உட்கார்ந்தார். வரிசையில் நின்ற ஒரு விமானி தன் பையை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

தங்கையும், அவள் போன் பண்ணி வரவழைத்த மாப்பிள்ளையும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஓடிய வேகத்தில் மாப்பிள்ளை லேசாக நொண்டினான்.

"மச்சான், சாப்டாச்சா?" என்றான் பழக்கத்தில்.

"பெட்டியைத் திற" என்றார் அண்ணன்.

தங்கை மாப்பிள்ளையிடம் அந்த மூன்றாவது மொழியில் ஏதோ சொன்னாள். அவன் அதே மொழியில் முனகினான். இரண்டாம் பெல்ட்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு பூட்டுகளைத் திறந்தான். சூப்பர்வைசர் கையுறை மாட்டிக்கொண்டு வாணலியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"இதுக்கா வாசலை மூடினேன்?"

"எங்க வீட்டுது சார்! கேளுங்க இவனை!"

"நான்தான் குடுத்தேன்" என்றாள் தங்கை. "புது ஊர்ல போய் எதுல சமைக்கறது?"

"அப்ப நான் எதுல சமைக்கறது?"

"உனக்கு எதுக்குண்ணா வாணலி?"

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. அண்ணனுக்குக் குறித்துவைக்க நேரமில்லை. பெட்டிக்குள் கைவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தார். மேலே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் ஸ்கிரீனில் தெரிவதில்லை. பிரித்தார். செருப்பு.

"இது உன் கால் அளவா?"

"இல்ல."

"பாத்துக்கோ. வெள்ளிக்கிழமை கையெழுத்து. இன்னொரு பொண்ணுக்குச் செருப்பு. நல்லா யோசிச்சுக்கோம்மா. நீ வேணாம்னு சொன்னா இங்கயே முடிச்சுக்கலாம். நான் இருக்கேன்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துப்புரவுப் பெண் ஒருத்தி மாப்பிள்ளையை முறைத்தாள்.

"இன்னொரு பொண்ணுக்குத்தான்ணா" என்றாள் தங்கை. "தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு பேருமாத்தான் வாங்கினோம். நிறம் நான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் பூட்டு."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? எவளோ ஒருத்திக்கு நீ எதுக்குச் செருப்பு வாங்கறே?"

"அவங்களைப் பாத்த பிறகுதான் நான் போறதுக்கே சம்மதிச்சேன்."

அண்ணனுக்குத் தலை சுற்றியது. "யாருடி அவ?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் பெல்ட் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அளவு சரியாத்தான் இருக்கு சார். கடைக்கே என்னைக் கூட்டிட்டுப் போய், போட்டுப் பாக்க வெச்சுத்தான் வாங்கினாங்க."