சொடக்கக்காவின் இங்கிலீஷ்

டெல்லி முழுக்க வாயால்தான் இங்கிலீஷ் பேசுகிறார்கள். விரலால் பேசிய ஒரே பிறவி எங்கள் சொடக்கக்காதான். இதை எந்த மேடையில் ஏறியும் சொல்வேன்.

துவாரகாவில் ஒரு பெண்கள் விடுதியில் அவள் என் அறைத்தோழி. திருநெல்வேலிக்காரி. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலை. மனசெல்லாம் அறிவிப்பு மைக்கில். ஆனால் அந்த வேலைக்கான குரல் தேர்வில், 'ஷிப்' என்றாலும் 'ஷீப்' என்றாலும் உங்கள் வாயில் ஒரே மாதிரிதான் வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

"நம்மகிட்ட இல்லாத குறில் நெடிலா? ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்ட்டி" என்று கிளம்பினாள் அக்கா.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் சொடுக்கும் நேரம். நாமெல்லாம் பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். அக்கா அதை இங்கிலீஷில் கொண்டுபோய் மாட்டினாள். ஷிப், ஒரு சொடக்கு. ஷீப், இரண்டு சொடக்கு. "வாயி ஏமாத்தும், விரல் ஏமாத்தாதுல்லா" என்பாள்.

பல் தேய்க்கும்போது சொடக்கு, சப்பாத்தி வரிசையில் சொடக்கு. லிஃப்டில் அவள் 'ஃபில், ஃபீல்' என்று ஆரம்பித்தால், தங்களைத்தான் விரட்டுகிறாள் என்று ஆட்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்கள்.

ஒருநாள் ஆட்டோவில் ஏறி, "மீட்டர்" என்று சொல்லி டக் டக் என்று இரண்டு சொடக்கு போட்டாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"குத்தே கோ புலா ரஹீ ஹோ க்யா, மேடம்?"

நாயையா கூப்பிடுகிறாய் என்று கேட்கிறார். அக்கா அசரவில்லை.

"நஹீ பையா. இங்கிலீஷ் சீக் ரஹீ ஹூம்."

இல்லை அண்ணா, இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறேன் என்றாள். அவருக்கு என்ன தோன்றியதோ, ஒவ்வொரு சிக்னலிலும் அவரும் சேர்ந்து சொடுக்கிக்கொண்டு வந்தார்.

தேர்வு நாள் வந்தது. வீடியோ காலில்தான் தேர்வு. விடுதியே எங்கள் அறையில், லேப்டாப்புக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றது. அக்கா வாசிக்க ஆரம்பித்ததும் தேர்வாளர் அம்மாள் நிறுத்தினார். ஏதோ சத்தம் கேட்கிறது, கைகளை மேஜைமேல் தெரியும்படி வையுங்கள் என்றார்.

அக்கா வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. அடுத்த வரி வரவில்லை. அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் பெட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குரல் கேட்டுத் திறந்தால், அக்கா இமைத்துக்கொண்டிருக்கிறாள். குறிலுக்கு ஒரு இமைப்பு, நெடிலுக்கு இரண்டு. மாத்திரைக்குத்தான் இன்னொரு அளவும் உண்டே. சொற்கள் அளந்து வெட்டிய மாதிரி ஒவ்வொன்றாய் வந்து விழுந்தன.

"கண்ணில் ஏதாவது பிரச்சினையா?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

"டெல்லி பொல்யூஷன், மேடம்."

"அச்சா, அச்சா. எனக்கும்தான்" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்த அன்று நாங்கள் போட்ட கூச்சலில் வார்டன் மூன்று மாடி ஏறி ஓடிவந்தார்.

அக்கா விடுதியைவிட்டுப் போய்விட்டாள். ஊருக்குக் கிளம்பி விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் அந்தக் குரல் வரும். என் விமானம் தாமதம் என்று சொல்லும். சுற்றிலும் எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டுமே, இன்னொரு தடவை சொல்வாளே என்று எனக்கு இருக்கும்.