பாறைக்கு முதுகு காட்டிய பரீட்சை

மானம் போகிற நேரத்தில் பக்கத்தில் நல்ல மனிதர்கள் இருந்துவிட்டால், பாதி மானம் அப்போதே திரும்பி வந்துவிடும். எனக்கு அது பூப்போட்ட துணி வடிவில் வந்தது.

எழுபதுகளின் கடைசி. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் மகன் நான், நிலவியல் மாணவன். ஜித்ராவைத் தாண்டி, சாலையோரப் பாறை ஒன்றின் முன் நின்று அதன் அடுக்குகளை விவரிக்க வேண்டும். அதுதான் பரீட்சை. தோற்றால் அந்த வருஷத்தையே மறுபடி படிக்கணும். தயாராகத்தான் போனேன், புத்தம்புது பெல்பாட்டத்தில். (கீழே மணி மாதிரி விரியும்; மேலே மூச்சுவிட இடமிருக்காது.)

"கீழேயிருந்து ஆரம்பி," என்றார் விரிவுரையாளர் என்சிக் ரஹிம்.

அடியில் கறுத்த சுண்ணாம்புப் பாறை. அதில் கல்லாகிப்போன சிப்பிகளைக் காட்டக் குனிந்தேன்.

டர்ர்ர்!

பல கோடி வருஷமாகத் தூங்கிய சிப்பிகளே விழித்திருக்கும். சட்டென்று திரும்பி, பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டேன்.

"சார், என் முட்டிக்குப் பின்னால சுண்ணாம்புப் பாறை, சிப்பி நிறைய. இடுப்புக்குப் பின்னால களிப்பாறை, தகடு தகடா உதிரும். தோளுக்குப் பின்னால மறுபடி சுண்ணாம்பு..."

"சரிதான். திரும்பிக் காட்டு லா."

"வேணாம் சார். மனப்பாடம்."

கூடப் படித்த ஸ்டெல்லாவுக்குத்தான் முதலில் விளங்கியது. நாங்கள் வந்த பஸ்ஸுக்கு ஓடினாள். "ஏய் தங்கச்சி, என் லாங்சிரு!" என்று டிரைவர் அண்ணன் அலற அலற, பூப்போட்ட ஜன்னல் திரையை உருவிக்கொண்டு வந்தாள்.

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார் என்சிக் ரஹிம். சிரிக்கவில்லை. "எல்லாரும் திரும்புங்க. அந்த வயலைப் பாருங்க. அதுக்கு அடியில என்ன பாறை இருக்கும்னு யோசிங்க."

மொத்த வகுப்பும் வயலைப் பார்த்தது. ஸ்டெல்லாவும் வயலைப் பார்த்தபடியே திரையை நீட்டினாள். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மீதி அடுக்குகளை முகத்துக்கு முகம் பார்த்து விவரித்தேன். பாஸ்! அந்த மனிதரை நன்றியோடு நினைக்காமல் இன்றுவரை ஒரு கால்சட்டையும் வாங்கியதில்லை.

அன்று திரையைக் கட்டிக்கொண்டேன். சில வருஷம் கழித்து, கொண்டுவந்தவளையே கட்டிக்கொண்டேன்.

எங்கள் மகள் கல்யாணத்தில், மேடையிலேயே அவள் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்: "எல்லாரும் வயலைப் பாருங்க!"

எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மறுநொடி முதுகைக் காட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அந்த மண்டபத்துக்குள் வயல் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.